இரண்டு நாள் வெயில்

சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
20-10-1957

அன்புள்ள கித்தேரிக்கு,

உன் வீட்டுக்காரன் செபாஸ்டின் எழுதுவது. சலேத் மாதா புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாதாவின் பேரையே வைத்திருக்கும் நம் மகளும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளை தலை நின்றுவிட்டது, சிரிக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கடிதத்தை டீக்கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு டீக்குக் காசு கொடுக்காமல் வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

பிள்ளைக்கு நாலாம் மாதம் நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைப்பது முறை. டிசம்பர் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது. அன்று நானே வேனில் வந்து உங்களை அழைத்து வருவேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை நம் வீட்டு வாசலில் கட்ட வேண்டும்.

'பஸ்ஸில் வந்தாவது பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஞானஸ்நானத்துக்கு உன் அப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பிய அழகு உனக்குத் தெரியும். "மாப்பிள்ளைய பஸ்ஸுல வரச் சொல்லு. அந்தப் பாடைய என் வாசல்ல கொண்டாந்து நிறுத்த வேணாம்" என்று கண்டக்டர் ஆண்டிச்சாமியிடம் சொல்லிவிட்டார். ஆண்டிச்சாமி அதைப் பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் வைத்து எனக்கு ஒப்பித்தார். அன்றைக்கே சொன்னேன், இனி வத்தலக்குண்டுக்கு வந்தால் என் வண்டியில்தான் வருவேன் என்று. சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

மே மாதம் நடந்தது எனக்கும் மறக்கவில்லை. அது வண்டியின் குற்றமில்லை, பெட்ரோல் டேங்கின் குற்றம். போன வாரம் டேங்கைக் கழற்றிவிட்டேன். துரை விட்டுப் போனபின் ஆறு வருஷம் எஸ்டேட் கொட்டகையில் கிடந்த வண்டி அல்லவா? போதாததற்கு இந்த ஐந்து மாதமும் நான் அடுத்தவன் லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்க, இது மழையில் நின்றது. கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டால் வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல வருகிறது. டேங்கைச் சுத்தம் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். உன் அப்பா ஒர்க்‌ஷாப்பில் இதை எப்படிச் செய்வார் என்று உனக்குத் தெரியும். விவரமாக எழுது. நான் கேட்டேன் என்று மட்டும் அவரிடம் மூச்சு விடாதே.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன்
செபாஸ்டின்

*

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு
27-10-1957

என் அன்புள்ள அத்தானுக்கு,

கித்தேரி எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். சலேத்துக்கு இரண்டு நாளாகச் சளி. துளசிச் சாறு கொடுத்தோம், இப்போது பரவாயில்லை. உங்கள் மூக்கு, உங்கள் காது, உங்கள் பிடிவாதம். பால் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுமுன் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கச்சி கல்யாணம் முடிந்து நாம் மலை ஏறிய அன்று ஊத்து கிராமத்துக்கு மேலே அந்த வளைவில் இன்ஜின் அணைந்து, வண்டி பின்னால் உருண்டதே, அது நின்றது எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தபோது பின்சக்கரம் கட்டைச்சுவரில் முட்டியிருந்தது, நீங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தீர்கள். கீழே இறங்கி வந்த பஸ்ஸில் நான் ஏறி இங்கே வந்தவள்தான். இன்றும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது திடீரென்று முதுகு பின்னால் போகிறதுபோல இருக்கும். அப்போது சுவரைப் பிடித்துக்கொள்வேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இனி டேங்க் விஷயம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து பார்த்தவள் நான். முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் நாலைந்து தரம் கழுவ வேண்டும். பெட்ரோல் வாடை துளிகூட இருக்கக் கூடாது. பிறகு பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டு, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றி, வாயை அடைத்து உருட்ட வேண்டும். அப்பா அதைக் கோணியில் சுற்றி மாட்டு வண்டிச் சக்கரத்தில் கட்டிவிடுவார். வண்டி செம்பட்டிக்குப் போய்வந்தால் துரு முழுக்கக் கழன்றுவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, காயவைக்க வேண்டும். காய்வதுதான் முக்கியம். "கழுவுறது பாதி, காயவைக்கிறது பாதி" என்று அப்பா சொல்வார். ஒரு கரண்டி தண்ணீர் உள்ளே நின்றால்கூடப் பழைய துரு போய்ப் புதுத் துரு வரும். இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். தயவுசெய்து அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கழுவிய டேங்கும் வெடிக்கும்.

பூட்டியபிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் பம்புக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சிவப்பாக வண்டல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள். எது என்றாலும் உள்ளதை எழுதுங்கள்.

பிள்ளையைப் பார்க்க பஸ்ஸில் வந்தால் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடாது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

உங்கள்
கித்தேரி

*

சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
18-11-1957

அன்புள்ள கித்தேரிக்கு,

காரியம் முடிந்தது! கேட்டால் சிரிப்பாய். இங்கே மாட்டு வண்டிக்கு எங்கே போவது? மன்னவனூர் திருமலைச்சாமியை உனக்குத் தெரியுமே, பொதிக்குதிரையில் பூண்டு கொண்டுவருகிறவர். அவர் குதிரையின் ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் கோணியில் சுற்றிய நம் டேங்க். உள்ளே செயினும் புளித்தண்ணீரும். அப்படியே மன்னவனூர் போய்வரச் சொன்னேன். "ஏலே செபாஸ்டினு, வயித்துக்குள்ள பேயி குடியிருக்க மாதிரிச் சலசலங்குது, குதிரை மெரளுமப்பா" என்றார். "மெரண்டாத்தான் நல்லாக் குலுங்கும், போங்க மாமா" என்று அனுப்பினேன். போய்வர நாலு நாள். வழியில் காட்டெருமைக் கூட்டமே இந்தச் சத்தம் கேட்டு விலகிப் போனதாம். திறந்து கவிழ்த்தால், ஐயோ, செம்மண் குழம்பு! உன் அப்பாவின் சக்கரம் இந்தக் குதிரையிடம் பிச்சை வாங்க வேண்டும்.

என் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருமல் கொஞ்சம் இருக்கிறது. மூடுபனி கதவு வழியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை இன்னும் ஈரம், நேற்றுப் பூசைக்குப் போட்டுப் போக நல்ல சட்டை இல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். நீ வந்தால்தான் இந்த வீடு வீடாகும்.

டேங்கைப் பத்துத் தரம் அலசி, நீ சொன்னபடியே இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் பூட்டிவிட்டேன். ஓட்டியும் பார்த்தேன். கிண்ணம் பளிங்குபோல இருக்கிறது. இனி உனக்கு ஒரு பயமும் வேண்டாம். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஹாரன் சத்தம் கேட்கும். மாமாவையும் வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்.

பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா வாங்கிவிட்டேன். சிவப்பு.

உன்
செபாஸ்டின்

*

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு
22-11-1957

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. குதிரைக் கதையைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தாள். அப்புறம் அடுத்த பாராவுக்கு வந்தேன்.

அத்தான், ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை காயவில்லை. டேங்க் மட்டும் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிட்டது. அந்த வெயில் எந்த ஊரில் அடித்தது? இரண்டையும் ஒரே கையால், ஒரே மையில் எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகை மாதத்துக் கொடைக்கானலில் நானும் இரண்டு வருஷம் குடித்தனம் செய்தவள்தானே? சந்தேகத்துக்கு ஆண்டிச்சாமி அண்ணனிடமும் கேட்டேன். "வெயிலா? பத்து நாளா சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல தங்கச்சி" என்றார்.

தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் கிளம்புமுன் வாசலில் நின்று கேட்டேன், "வண்டி ஏறுமா, எல்லாம் பாத்துட்டீங்களா?" என்று. "எல்லாம் பாத்தாச்சு, ஏறு" என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் ஏழு மாத வயிற்றோடு ஏறினேன். அன்றைக்கு நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று ஆறு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களைக் கேட்கப் பயமாக இருந்தது. இப்போது கேட்கிறேன்.

எனக்குத் துருவைப் பார்த்துப் பயமில்லை. துரு கழுவினால் போகும். நீங்கள் ஒன்று சொன்னால் அது அப்படித்தானா என்று நான் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தால், அந்த வண்டியில் மட்டுமல்ல, அந்த வீட்டிலும் எப்படி இருப்பேன்?

ஒன்றாம் தேதி வராதீர்கள். வந்தால் நான் ஏற மாட்டேன், பிள்ளையையும் ஏற்ற விட மாட்டேன். உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, டேங்க் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

கித்தேரி

*

கொடைக்கானல்
26-11-1957

கித்தேரிக்கு,

கடிதம் கிடைத்தது. கட்டிய புருஷனை விசாரிக்கக் கண்டக்டரிடம் போய் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டாயா? இது கார்டு, எல்லாரும் படிப்பார்கள், அதனால் அதிகம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவேன். ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம்.

செபாஸ்டின்

*

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு
3-12-1957

என் அன்புள்ள அத்தானுக்கு,

எங்கே இருக்கிறீர்கள்? வராதீர்கள் என்று எழுதியவள்தான் நான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து காது ரோட்டிலேயே இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, மை வைத்து, புதுச் சட்டை போட்டு வைத்திருந்தேன். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. கோபத்தில் வரவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி பிள்ளை தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள், ஊத்துக்குக் கீழே ஒரு பச்சை வண்டி பள்ளத்தில் கிடக்கிறது என்று. நம்பர் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் ஜீப் என்கிறார், ஒருவர் வேன் என்கிறார். அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து கரிக் கையோடு ஓடிவந்தார். "வண்டி போனாப் போகுது கழுத, அந்தப் பய முழுசா இருக்கானான்னு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார். சாப்பிடக்கூட இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தார். அது யாரோ எஸ்டேட்காரருடைய ஜீப்பாம், டிரைவருக்குக் கை ஒடிந்து உயிர் பிழைத்தாராம். வாசலில் நின்றே, "நம்ம வண்டி இல்லத்தா" என்று சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அப்படியானால் நீங்கள் எங்கே? ஜீப் இல்லை என்று தெரிந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. நான் எழுதிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதையும் திரும்ப வாங்க மாட்டேன், அத்தனையும் உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்கள் ரோஷத்தில் கிளம்பி எங்கேயாவது கிடந்தால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சண்டை போட்டே எழுதுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள்
கித்தேரி

*

சேசு மரி சூசை துணை

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
5-12-1957

என் கித்தேரிக்கு,

முழுசாக இருக்கிறேன். மாமாவிடம் சொல். அவர் சாப்பிடாமல் பஸ் ஏறினார் என்று படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு வெள்ளனே கிளம்பினேன். உன்மேல் கோபம்தான். உன் அப்பா வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை அடித்து, ஊரைக் கூட்டிவிட வேண்டும் என்றுதான் நினைப்பு. பெருமாள்மலை தாண்டி இறங்கும்போது வண்டி பூப்போலப் போனது. ஊத்தை நெருங்கும்போதுதான் உறைத்தது. இறக்கத்தில் எந்த வண்டிதான் போகாது? இன்ஜின் செத்திருந்தாலும் உருளும். உன்னையும் பிள்ளையையும் நான் ஏற்றி வரப்போவது ஏற்றத்தில் அல்லவா? வண்டியைத் திருப்பினேன். மார்க்கெட்டுக்கு இறக்க வேண்டிய இரண்டு மூட்டை கிழங்கு பின்னால் இருந்தது. ஒன்றைத் தூக்கி நீ உட்காரும் இடத்தில் வைத்து, நீ இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மேலே ஏற்றினேன்.

மூன்று தடவை நின்றது. மூன்றாம் தடவை பின்னால் உருண்டு நான் கல் வைத்தேன். கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். பாதிக்குமேல் சிவப்பு வண்டல்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அடுக்கம் ஊர்க்காரி ஒரு அம்மாள், இருளாயி என்று பேர், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். "ஏத்திக்கிருங்க சாமி" என்றாள். "வண்டி நம்பிக்கையில்லம்மா, இப்ப பஸ்ஸு வரும், அதுல போங்க" என்றேன். "காலி வண்டிய வச்சுக்கிட்டு இப்பிடிச் சொல்றீகளே, ஒங்க பிள்ளைன்னா விட்டுட்டுப் போவீகளா?" என்று கேட்டுவிட்டாள். "எம் பிள்ளைன்னாலும் இதுல ஏத்த மாட்டேம்மா" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அவளை ஏற்றிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருத்தியிடம் அரை நிமிஷத்தில் சொல்ல முடிந்ததை உன்னிடம் ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். வெயில் இரண்டு நாளும் அடிக்கவில்லை, இரண்டு நிமிஷமும் அடிக்கவில்லை. குதிரை மிரண்டு டேங்கைப் பாறையில் மோதியதில் அடியில் ஒரு சொட்டை விழுந்தது, அதில் தண்ணீர் நின்றது. துணியால் எட்டிய மட்டும் துடைத்தேன். அடுப்பில் காட்ட நினைத்து, நீ எழுதியதால் காட்டவில்லை. அது ஒன்றில்தான் உன் சொல்லைக் கேட்டேன். ஐந்தாம் மாதம் போய்க்கொண்டிருக்கிறதே என்று பூட்டிவிட்டேன். மூஞ்சிக்கல்லில் சமதரையில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுப் பளிங்கு என்று எழுதினேன்.

மே மாதத்தைப் பற்றிக் கேட்டாய். பார்த்தேன், கித்தேரி. பார்க்காமல் ஏற்றியிருந்தால்கூட மன்னிக்கலாம். அன்று காலையில் உங்கள் வீட்டுப் பின்புறம் கிண்ணத்தைக் கழற்றினேன். சிவப்பாக இருந்தது. கொட்டினேன். உன் அப்பா பார்த்துவிடக் கூடாது என்று காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். ஒரு தடவை ஏறிவிடும் என்று நினைத்தேன். அப்புறம் வாசலுக்கு வந்து உன்னிடம் 'எல்லாம் பாத்தாச்சு' என்றேன். வண்டி உருண்டபோது நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். நான் திறந்துகொண்டிருந்தேன். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி பெருமாள்மலையில் நிற்கிறது. நீ அதில் வர வேண்டாம். இதைப் படித்தபிறகு வரவே வேண்டாம் என்று தோன்றினாலும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, பதினாலாம் தேதி, இரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன். உன் வீட்டுக்கு வரலாம் என்றால் ஒரு வார்த்தை எழுது. எழுதவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

செபாஸ்டின்

*

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு
9-12-1957

அத்தானுக்கு,

கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டுப் பின்புறம் போய் நின்றேன். எந்த இடம் என்று தெரியவில்லை. அங்கே இப்போது அம்மா அவரைக்கொடி போட்டிருக்கிறாள். அன்றும் நேற்றும் உங்கள் முகத்தை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்து எழுத வேண்டாம் என்று எழுதுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்க விட்டேன். அம்மா திட்டினாள். அழுதேன். பால் பொங்கியதற்கா இப்படி அழுகிறாய் என்றாள்.

அப்பா, மாப்பிள்ளை என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். பிழைத்திருக்கிறார், சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறார் என்றேன். மே மாதத்து விஷயத்தைச் சொல்லவில்லை. அதை நான் சொல்ல மாட்டேன். அவரிடம் நீங்கள் சொல்வதானால் உங்கள் வாயால் சொல்லுங்கள். பஸ் என்றதும், "பஸ்ஸுலயா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கறி எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் உங்களோடு திரும்பி வருவேனா என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்று திரும்பிப் போக வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். உங்கள் கடிதங்களில் இந்த ஒன்றைத்தான் நான் முதல் தடவையிலேயே நம்பினேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நெஞ்சு நொந்துபோகாதீர்கள். சலேத் இப்போது ஆள் பார்க்கிறாள். புது முகம் தூக்கினால் வீறிட்டு அழுவாள். உங்களிடமும் அழுவாள், நீங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. அழுகிறாளே என்று உடனே என்னிடம் நீட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அழுது ஓய்ந்தபின் உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

கித்தேரி